அடி காட்டக் கூடாத கிணறு

கிணற்றைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நாற்பத்தொன்பது வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். உரும்பிராயில் தோட்டக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்தவள் நான். பள்ளிக்கூடச் சட்டையை மாட்டுமுன் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் போவேன். கல்யாணமாகி யாழ்ப்பாண நகரத்துக்கு வந்து, இருபது வருடமாக அலுவலகத்தில் கோப்புகளுக்குள் கிடந்த பிறகும் அந்த மிதப்பு என்னை விட்டுப் போகவில்லை. நகரத்துப் பிள்ளைகள் மண்ணைத் தொட்டுவிட்டு விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். இரண்டையும் அடக்கிப் பழக்கமில்லை. "உம்மடை வாய்க்குப் பிரேக் இல்லை" என்று என் கணவர் சொல்வார். அவர் நகரத்துக்காரர், ஆகையால் நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

நாங்கள் தோட்டம் செய்யும் வளவு நகரத்தின் ஓரத்தில், கடல்நீரேரிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. இரண்டரைப் பரப்புக் காணி. அங்கிருந்த வீடு சண்டைக் காலத்தில் போய்விட்டது. சீமெந்துத் தளமும் மூன்று வாசற்படிகளும் மட்டும் மிச்சம். காணிக்குச் சொந்தக்காரி என்னோடு படித்தவள், இப்போது கனடாவில் இருக்கிறாள். ஒருநாள் போனில் கதைத்தபோது, "சனம் குப்பை கொட்டுதாம். நீ எதையாவது நட்டு வையடி, ஆள் நடமாட்டம் இருந்தாக் காணும்" என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் ஓட்டோ ஓட்டும் ஒரு அண்ணையும் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கினோம். சம்பளம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. சனி, ஞாயிறு காலையில் அக்கம்பக்கத்துத் தெருக்களில் உள்ள பதினைந்திலிருந்து பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு ரியூசனுக்கும் அடுத்த ரியூசனுக்கும் இடையில் வருவார்கள். இரண்டு மணித்தியாலமாவது கையில் மண் படட்டும், போன் சும்மா கிடக்கட்டும் என்பதுதான் எங்களுடைய பெரிய திட்டம்.

முதல் மாதமே ஒரு கூத்து நடந்தது. மிளகாய் நாற்றுமேடையில் புல்லுப் பிடுங்கச் சொல்லிவிட்டு நான் அந்தப் பக்கம் போய்வந்தேன். திரும்பிப் பார்த்தால் நாற்று முழுவதும் பிடுங்கி வரப்பில் அழகாக அடுக்கியிருக்கிறது, கோரைப்புல் பாத்தியில் பத்திரமாக நிற்கிறது. நான் போட்ட சத்தத்தில் அடுத்த கிழமை பாதிப் பிள்ளைகள் வரவில்லை. ஓட்டோ அண்ணை அன்றைக்கு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"நீங்கள் பிள்ளையளுக்குத் தோட்டம் பழக்கிறியளோ, பயம் பழக்கிறியளோ?"

கொஞ்ச நாள் வாயை அடக்கிக்கொண்டேன். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

அவர்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினேழு வயது, உயர்தரம் படிக்கிறவள். வீடு கடல்நீரேரிக்கு இன்னும் கிட்ட. அதிகம் கதைக்க மாட்டாள். வரும்போதெல்லாம் இரண்டு பெரிய வெறும் போத்தல்களைச் சைக்கிளில் கொண்டுவந்து, போகும்போது எங்கள் கிணற்றில் நிரப்பிக்கொண்டு போவாள். உங்கள் வீட்டில் கிணறு இல்லையோ என்று ஒருநாள் கேட்டேன்.

"இருக்கு மிஸ். எங்கடை வீட்டில மூண்டு தண்ணி. கிணத்துத் தண்ணி கழுவ, ரோட்டுக் குழாய்த் தண்ணி குளிக்கச் சமைக்க, குடிக்கிறதுக்கு உது, உங்கடை கிணத்துத் தண்ணி."

"கிணத்துத் தண்ணி குடிச்சா என்ன?"

"சவர் மிஸ், உப்புக் கரிக்கும்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

உரும்பிராயில் எங்களுக்கு ஒரே தண்ணீர்தான். குடிக்கிறதும் அதுதான், மாட்டைக் குளிப்பாட்டுகிறதும் அதுதான். மூன்று தண்ணீர்க் கணக்கைக் கேட்டு எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தோடு, இவர்களுக்குக் கிணறு பராமரிக்கத் தெரியாது என்ற எண்ணமும் சேர்ந்து வந்தது.

எங்கள் வளவுக் கிணறு அந்தப் பகுதியில் அதிசயம். சுற்றிவர எல்லாம் சவர்க் கிணறுகளாக இருக்க, இது மட்டும் நல்ல தண்ணீர். அதுவும் பங்குக் கிணறு. எல்லை மதில் கிணற்றின் நடுவால் போகிறது. பாதி எங்கள் பக்கம், பாதி அடுத்த வீட்டுப் பக்கம். இரண்டு பக்கமும் தனித்தனிக் கப்பி. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வாளி விட்டால் இந்தப் பக்கம் தண்ணீர் அசையும், ஆள் தெரியாது.

அந்தப் பக்கத்தில் இருந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் அக்கா. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் எல்லாரையும் வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், இருபது வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர். கணவர் புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் அங்கேயே குடியேறிவிட்டார்கள். இவர் மட்டும் பிடிவாதமாகத் தகப்பனின் வீட்டுக்கு வந்து, கூரை போட்டு, தனியாக இருந்தார். காலைத் தொழுகை முடிந்ததும் முதல் வாளி அவருடையது. நாங்கள் தோட்டம் தொடங்கியபோது மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒரே ஒரு ஒழுங்கு சொன்னார்.

"காலமை அரை மணித்தியாலம் மோட்டர் போடுங்கோ, தங்கச்சி. பின்னேரம் வாளியால அள்ளுங்கோ. அதுக்கு மேல வேண்டாம்."

ஓம் அக்கா என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது.

இரண்டாம் வருடம் ஆவணி மாதம். வெயில் என்றால் தலை வெடிக்கிற வெயில். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. அக்காவின் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்ததால் அவர் பத்து நாளைக்குப் புத்தளம் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு காகக் குஞ்சு கிணற்றுக்குள் விழுந்து செத்தது. அதை எடுத்துப் போட்டோம். ஆனால் குனிந்து பார்த்தபோது சுவரோரம் பாசியும், அடியில் இலைச் சேறும் கண்ணில் பட்டன. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

எங்கள் ஊரில் வருடா வருடம் தண்ணீர் வற்றுகிற நேரத்தில் கிணறு இறைப்போம். மெசின் வைத்து அடி தெரியும்வரை இறைத்து, ஆள் இறங்கிச் சேறு அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, கடைசியில் கற்பூரம் கொளுத்துவோம். அடுத்த நாள் ஊறுகிற புதுத் தண்ணீரை முதலில் குடிப்பதற்கு எங்களுக்குள் சண்டை நடக்கும். கிணறு இறைக்காத வீட்டை ஊரில் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். அதனால், பிள்ளைகளுக்கு இதையும் காட்ட வேண்டும், அக்கா வந்து பார்த்து ஆச்சரியப்பட வேண்டும் என்று நினைத்தேன். ஓட்டோ அண்ணைக்கு நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிற மைத்துனர் இருந்தார். அவருடைய மெசினை ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வாங்கினோம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மெசினைத் தொடக்கினோம். கால்வாசித் தண்ணீர் போயிருக்கும், அந்தப் பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், எங்கடை பக்கத்தில கிணறு முழுக்க இறைக்கிறேல்லை."

"அதுதான் உங்கடை பக்கத்துக் கிணறெல்லாம் நாறுது" என்றேன்.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டு, போய் வாளி பிடிக்கிற வரிசையில் நின்றாள். அதற்குப் பிறகு அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு வேலை இருந்தது.

பத்து மணிக்கு அடி தெரிந்தது. இரண்டு பிள்ளைகள் கயிற்றில் இறங்கிச் சேறு அள்ளினார்கள். மேலே இருந்தவர்கள் கைக்குக் கை வாளி மாற்றினார்கள். போனில் படம் எடுக்காத ஆள் இல்லை. சேற்றுக்குள்ளிருந்து இரண்டு ஓட்டை வாளிகளும் ஒரு பழைய இரும்புக் கப்பியும் வந்தன. கப்பி அக்காவின் பக்கத்துச் சுவரடியில் கிடந்தது. அவருடைய தகப்பனார் காலத்துக் கப்பியாகத்தான் இருக்கும் என்று நான் அதைத் தேய்த்துக் கழுவி, தேங்காய் எண்ணெய் பூசி, ஒரு துணியில் சுற்றி வைத்தேன். கடைசியில் கிணற்றுக் கட்டின் மேல் கற்பூரம் கொளுத்தினேன். பாதிக் கிணறு இன்னொருவருடையது என்பது அப்போது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அன்றைக்கு நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்கமாட்டேன்.

திங்கட்கிழமை தண்ணீர் ஊறியிருந்தது. கண்ணாடியாகத் தெளிந்த தண்ணீர். அலுவலகம் முடிந்து வந்து எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்துப் பெருமைப்பட்டேன். அந்தக் கிழமை முழுவதும் பின்னேரங்களில் நானே வாளியால் அள்ளிப் பாத்திகளுக்கு ஊற்றினேன். குடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. என் போத்தலில் வீட்டுத் தண்ணீர் இருந்தது.

சனிக்கிழமை காலை பயிற்றைச் செடிகளைப் பார்த்தேன். இலைகளின் ஓரம் எல்லாம் தீய்ந்து சுருண்டிருந்தது. கத்தரியும் வாடி நின்றது. யாரோ யூரியாவை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள் என்று உடனே முடிவு கட்டிவிட்டேன். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினேன்.

"ஆர் பசளை போட்டது? உண்மையைச் சொல்லுங்கோ. ஒரு சொல்லு என்னட்டைக் கேட்டிருக்கலாமே? கேக்காமல் கொள்ளாமல் எல்லாம் தெரிஞ்ச மாதிரிச் செய்யிறதோ?"

ஓட்டோ அண்ணை "பொறுங்கோ" என்றார். நான் பொறுக்கவில்லை. தோட்டத்தையே மூடிவிட்டுப் போகிறேன் என்று கத்திக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை வரிசையை விட்டு விலகிப்போய், வாளி விட்டுத் தண்ணீர் அள்ளி, ஒரு தகரப் பேணியில் ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்கோ மிஸ்."

ஒரு வாய் குடித்தேன். விழுங்க முடியவில்லை. சவர்.

நிலத்துக்குக் கீழே நடப்பதை ஓட்டோ அண்ணைதான் பிறகு விசாரித்து வந்து சொன்னார். அந்தப் பகுதியில் அடியில் இருப்பது கடல் தண்ணீர். மழைத் தண்ணீர் அதற்கு மேலே ஒரு படையாக நிற்கிறது. மேலே உள்ளதை முழுவதும் இறைத்தால் கீழே உள்ளது ஏறி வந்துவிடும். உரும்பிராயில் எத்தனை கிணறு இறைத்தாலும் எங்களுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. இங்கே அது ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். தோட்டம் பழகவென்று வந்த பிள்ளைகள் தெரிந்திருந்தும் என் வாய்க்குப் பயந்து நின்றார்கள், பழக்கவென்று நின்ற எங்களுக்குத்தான் தெரியாது.

பிள்ளைகள் போன பிறகு அந்த மூன்று வாசற்படிகளில் இருந்து அழுதேன். செடிகளுக்காக அல்ல. செவ்வாய்க்கிழமை அக்கா வருகிறார் என்பதற்காக.

செவ்வாய் காலை அலுவலகத்துக்கு வெளிக்கிட்டு, துணியில் சுற்றிய கப்பியையும் எடுத்துக்கொண்டு அவருடைய படலையைத் திறந்தேன். எப்படியாவது முதல் வாய்த் தண்ணீருக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பிந்திவிட்டேன். புத்தளத்து பஸ் சீக்கிரமே வந்துவிட்டதாம். அக்கா அடுப்படியில் நின்றார்.

"வாங்கோ தங்கச்சி. ரீ ஊத்துவமெண்டா பால் திரைஞ்சு போச்சு. உந்தப் பால்காரர் வெயிலுக்கை வைச்ச பாலைத் தந்திட்டார் போல. இருங்கோ, வேறை எடுப்பிக்கிறன்."

"பாலிலை பிழை இல்லை அக்கா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். காகக் குஞ்சு, மெசின், சேறு எல்லாம். சொல்லச் சொல்ல அவருடைய கை அடுப்பை அணைத்தது. போய் வாளி விட்டுத் தண்ணீர் அள்ளி, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார். துப்பவில்லை. விழுங்கினார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் கப்பியை நீட்டினேன்.

"இது உங்கடை வாப்பாவின்ரை எண்டு நினைக்கிறன். உள்ளுக்கை கிடந்தது."

"உதை என்னட்டை நீட்டாதையுங்கோ" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கதைத்தார்.

"ரெண்டு மணித்தியாலத்திலை வெளிக்கிடச் சொன்னாங்கள். கையிலை கொண்டுபோக விட்டது ஒண்டுமில்லை. இருபது வருஷம் பவுசர் லொறியிலை வாற தண்ணிக்குக் கான் வைச்சு வரிசையிலை நிண்டனான். திரும்பி வந்தா வீட்டுக்குக் கதவு இல்லை, யன்னல் இல்லை, முத்தத்து மாமரம் இல்லை. கிணறு நிறையக் குப்பை. ஆளை இறக்கி, நெஞ்சளவு தண்ணி நிக்க நிக்க, வாளி வாளியா ஏழு நாள் குப்பை எடுத்தம். அடி காட்டேல்லை. வாப்பா ஒருநாளும் அடி காட்ட விடமாட்டார். பேந்து ஒருநாள் குடிச்சுப் பாத்தன். அதே தண்ணி. நான் விட்டிட்டுப் போன மாதிரியே இருந்தது அது ஒண்டுதான்."

கப்பியைத் திரும்பத் துணியில் சுற்றினேன்.

"நீங்கள் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, தங்கச்சி."

மூன்று நாளைக்கு முன்னால் நான் பிள்ளைகளைக் கேட்ட அதே கேள்வி. எனக்கு எங்காவது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. கடைசியில் அவர் சொன்னார்: மழை வரும்வரை இந்தக் கிணற்றில் யாரும் கைவைக்க வேண்டாம், நீங்களும் வேண்டாம், நானும் அள்ளமாட்டேன். அவ்வளவுதான். கப்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று பின்னேரம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் இல்லாதபடியால் இனித் தோட்டம் இல்லை என்று போட்டேன். ஏன் தண்ணீர் இல்லை என்று எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை.

அடுத்த நாள் தொடக்கம், அலுவலகத்துக்குப் போகுமுன் உரும்பிராய்க்குப் போய், எங்கள் வீட்டுக் கிணற்றில் இரண்டு கான் தண்ணீர் நிரப்பி, ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு வந்து அக்காவின் பக்கத்து மதிலில் வைத்தேன். என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கூட்டியில் கானைக் கட்ட நல்ல ரப்பர் கயிறு வாங்கி வந்து வைத்தார், அவ்வளவுதான். அக்கா கானை எடுத்தார். வெறும் கானை அடுத்த நாள் காலையில் மதிலில் வைத்தார். ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. நாற்பது லீட்டர் தண்ணீர் ஒரு சீவனுக்குக் குடிக்கவும் சமைக்கவும் தாராளம்தான். ஆனால் அவர் மறுபடியும் கானை வைத்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருக்கிற ஆளாகிவிட்டார். நான்தான் ஆக்கினேன்.

சனிக்கிழமை மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு வரலாம் என்று வளவுக்குப் போனேன். படலையடியில் பதினொரு சைக்கிள்கள் நின்றன. உள்ளே பிள்ளைகள் போத்தல்களோடும் பெயின்ற் வாளிகளோடும் நின்றார்கள். வீட்டில் அரிசி கழுவிய தண்ணீர், மரக்கறி கழுவிய தண்ணீர். குழாய்த் தண்ணீரில் கழுவியதா, கிணற்றுத் தண்ணீரில் கழுவியதா என்று அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் செடிக்கு விட அனுமதித்தாள். சவர் என்று கண்டால் திருப்பி அனுப்பினாள். நான் ஒரு ஓரமாக நின்றேன். என்னைக் கண்டதும், "மிஸ், எல்லாத்துக்கும் காணாது. எதை விடுறது, எதை வைச்சிருக்கிறது எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

பயிற்றையை விட்டோம். வெண்டியை விட்டோம். முப்பது மிளகாய்ச் செடியும் ஒரு வரிசை கத்தரியும் மட்டும் வைத்திருந்தோம். அவளிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய்க்குப் பிரேக் இல்லாத எனக்கு, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

ஐப்பசி கடைசியில் முதல் மழை கொட்டியது. ஒரு சனிக்கிழமை காலை. பிள்ளைகள் நனைந்துகொண்டே நின்றார்கள். இடிந்த வீட்டின் சீமெந்துத் தளத்தில் விழுந்த மழை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து படலையால் வழிந்து ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் குடைக்குக் கீழே அக்காவின் தலை தெரிந்தது. இரண்டரை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் குரலைக் கேட்டேன்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? உந்தத் தளத்துத் தண்ணியை ரோட்டிலை விடாமல் கிணத்தடிக்குத் திருப்புங்கோ!"

அந்த மழைக்குள்ளேயே மண்வெட்டியைத் தூக்கினோம். வாய்க்கால் வெட்டித் தண்ணீர் திருப்புவது என்றால் என் கைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தளத்தின் ஓரமாக வாய்க்கால் இழுத்து, கிணற்றுக்குப் பக்கத்தில் ஆளளவு குழி வெட்டி, கல்லும் மணலும் போட்டு நிரப்பினோம். தளத்தில் விழுந்த தண்ணீர் எல்லாம் அந்தக் குழிக்குள் இறங்கியது. அன்றைக்கு ரியூசனுக்குப் பிள்ளைகள் யாரும் போகவில்லை. தாய்மார் எனக்குப் போன் எடுத்து ஏசினார்கள்.

கார்த்திகை முழுவதும் மழை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பிள்ளை ஒரு வாளி மட்டும் அள்ளி, ருசி பார்த்து, ரியூசன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பாள். முதல் கிழமை சவர். இரண்டாம் கிழமையும் சவர். மூன்றாம் கிழமை, கொஞ்சம் சவர். மார்கழி தொடங்கியபோது அவள் நெடுநேரம் வாயில் வைத்திருந்துவிட்டு, "இன்னும் இருக்கு மிஸ்" என்றாள்.

மார்கழியில் ஒருநாள் காலை கான்களைக் கொண்டுபோனபோது, முதல் நாள் வைத்த கான்கள் நிரம்பியபடியே மதிலில் இருந்தன. தனியாக இருக்கிற மனுசி. "அக்கா!" என்று கத்தினேன். மதிலுக்கு மேலால் ஒரு கை வந்தது. கையில் ஒரு கிளாஸ் பால் தேநீர்.

"குடியுங்கோ."

குடித்தேன். பால் திரையவில்லை. இனிப்பு, சாயம், இஞ்சி எல்லாம் இருந்தன. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு சின்ன உப்பு தங்கியது.

"இருக்குது, என்ன?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஓம் அக்கா. கொஞ்சம் இருக்குது" என்றேன்.

"வாப்பா குடிச்ச தண்ணி உது இல்லை. இனி அது வருமோ தெரியாது. ஆனாக் குடிக்கலாம். நாளையிலையிருந்து கான் கொண்டு வராதையுங்கோ."

நான் அங்கேயே மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. கிளாஸைத் தாருங்கோ என்று வாங்கிக்கொண்டு போனார். கப்பியைப் பற்றி அவர் கேட்கவில்லை. அது இன்னும் தோட்டத்தில் மண்வெட்டி வைக்கும் கொட்டிலில், அதே துணிக்குள் இருக்கிறது.

தையில் புதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். அதற்கு முந்தின கிழமை ஓட்டோ அண்ணை கிணற்றுக்குள் இறங்கி, அக்கா மதிலுக்கு மேலால் விரல் நீட்டிய இடத்தில், உள்சுவரில் சிவப்புப் பெயின்றால் ஒரு கோடு போட்டிருந்தார். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் மெசின் இல்லை, மோட்டர் இல்லை, வாளியும் இல்லை. முதல் நாள் பாடத்தை விதையில் தொடங்காமல் கிணற்றில் தொடங்குவோம் என்று எல்லாரையும் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளையும் பழைய ஆளாக என் பக்கத்தில் நின்றாள். கோட்டைக் காட்டி, கீழே உள்ள கடல் தண்ணீரைப் பற்றிச் சொல்லி, போன ஆவணியில் இந்தக் கிணற்றை அடி தெரிய இறைத்ததால் நான்கு மாதம் சவராகிப் போனது என்றேன்.

கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெட்டை கையைத் தூக்கினாள்.

"ஆர் மிஸ் அப்பிடி இறைச்சது?"

நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்றவள் முந்திக்கொண்டாள். "நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான்."

எனக்காகத்தான் சொன்னாள். அந்தப் பதினொரு சைக்கிள்களும், அவள் நீட்டிய பேணியும், அன்றைக்கு அவள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்த சிரிப்பும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இப்போது விட்டால் பிறகு ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"இல்லை" என்றேன். "நான்தான் இறைச்சனான். இந்தப் பிள்ளை வேண்டாமெண்டு சொன்னவ. நான் கேக்கேல்லை. உங்கடை பக்கத்துக் கிணறெல்லாம் நாறுது எண்டு எல்லாருக்கும் முன்னாலை நக்கலடிச்சனான். அது பிழை. பிள்ளை, நீர் என்னை மன்னிக்கோணும்."

அவள் குனிந்து கையிலிருந்த சைக்கிள் பூட்டுத் திறப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைத்தாளோ தெரியாது. மதிலுக்கு அந்தப் பக்கம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த கப்பி நின்றுபோயிருந்தது. நான் கவனிக்கவேயில்லை. அங்கிருந்து குரல் வந்தது.

"பின்னாலை நிக்கிற பிள்ளையளுக்கு வடிவாக் கேட்டிருக்காது, தங்கச்சி. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

இன்னொருக்காச் சொன்னேன்.